வீட்டுத் தரகர் யார் பக்கம்?

பள்ளிக்கூடங்கள் திறப்பதற்குள்ளும் ஆடி மாதம் பிறப்பதற்குள்ளும் ஜாகை மாற்றிவிட வேண்டும் என்ற இரட்டை நிர்ப்பந்தத்தினால், வைகாசியிலும் ஆனியிலும் சென்னை மாநகரத்தின் தெருக்களில் பீரோவும் கட்டிலும் தண்ணீர்க் குடங்களும் ஏற்றிய டெம்போ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கும். ஆடியில் குடிபுகுவதில்லை, மார்கழியில் பால் காய்ச்சுவதில்லை என்ற சம்பிரதாயத்தை இன்றும் பெரும்பாலோர் அனுசரிப்பதால், வருஷம் முழுவதும் பரவி நடக்க வேண்டிய ஒரு காரியம் சில வாரங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடைபெறுகிறது. அந்த வாரங்களில், வேலைக்குப் போகும் கணவனுக்கும் மனைவிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவிர வேறு ஓய்வு இல்லாத நிலையில், மடிப்பாக்கத்துக்கும் நங்கநல்லூருக்கும் அம்பத்தூருக்கும் அலைந்து திரியும் குடும்பத்துக்குத் துணையாக வருபவர் ஒருவர் உண்டு. அவரே வீட்டுத் தரகர். அவருடைய தொழிலைப் பற்றி நம்முடைய பத்திரிகைகளில் புகார்கள் வந்திருக்கின்றனவே ஒழிய, அது ஒரு தொழில் என்ற மதிப்புடன் அதைப் பரிசீலித்தவர்கள் மிகக் குறைவு.

அவருக்குப் பெரும்பாலும் அலுவலகம் கிடையாது. தேநீர்க் கடையின் பெஞ்சே அவருடைய ஆசனம். கைப்பேசியே அவருடைய பேரேடு. ஒரு தெருவில் எந்த வீடு எப்பொழுது காலியாகப் போகிறது என்ற செய்தி, வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்குவதற்கு வெகு முன்பாகவே, அந்தத் தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரருக்கும், பால் பாக்கெட் போடுகிறவருக்கும், அடுக்குமாடிக் கட்டடத்தின் வாட்ச்மேனுக்கும் தெரிந்துவிடுகிறது. அவர்கள் வாயிலாக அது தரகரின் காதை எட்டுகிறது. வாடகையும் அட்வான்ஸும் பேசி முடிந்த பிறகு அவர் பெறும் ஒரு மாத வாடகையளவான கமிஷனில், செய்தி கொண்டுவந்த அந்தச் சிறியவர்களுக்கும் ஒரு பங்கு போகிறது. ஒருவரிடம் வீடும் மற்றொருவரிடம் குடித்தனக்காரரும் இருந்து இரண்டு தரகர்கள் சேர்ந்து முடிக்கும் பேரமும் சாதாரணமே. இவ்வளவு பேர் கைகளைக் கடந்து வரும் ஒரு சேவைக்கு விலை இருப்பது அநியாயமன்று.

உண்மையில் அவர் விற்பது முகவரி என்று நினைப்பது தவறு. மேற்கு மாம்பலத்தில் வெகுகாலமாக இத்தொழிலைச் செய்துவரும் முதியவர் ஒருவர், என் உறவினர் குடும்பத்துக்கு வீடு காட்ட வந்தபோது, அறைகளைத் திறப்பதற்கு முன்னால் அவர்களை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார்; பிறகு கீழே வந்து, காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் படிந்திருந்த பழுப்புக் கறையைச் சுட்டி, “இது மழையில நின்ன தண்ணிம்மா. வயசானவங்களை வெச்சுக்கிட்டு தரைத்தளம் வேணாம். இன்னும் ரெண்டு மாசத்துல ரெண்டாவது மாடி காலியாகும், பொறுங்க” என்றார். அன்று அவர் கைக்கு வந்திருக்க வேண்டிய கமிஷனை அந்த ஒரு வாக்கியத்தால் அவர் இழந்தார். வீடு தேடுகிறவன் வேண்டி நிற்கும் உதவி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

சென்னையில் வாடகைக்கு வீடு எடுப்பவன் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் கூடத்தின் அளவிலும் சுவரின் வர்ணத்திலும் இல்லை. மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பவற்றை அறியாமல் குடிபுகுந்தவர்கள், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன 2019-ஆம் வருஷத்துக் கோடையில் பட்ட துன்பம் நமக்கு மறக்கக்கூடியதன்று. அதற்கு நேர்மாறாக, 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரியிலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பகுதிகளிலும் கீழ்த்தளத்துக் குடித்தனக்காரர்கள் உடுத்த துணியுடன் வெளியேறினார்கள். அவர்களில் பலர் அந்த ஊருக்குப் புதியவர்கள். அந்தத் தெருவின் மழைக்காலத்தை ஒருமுறையும் கண்டிராதவர்கள். அத்தெருவின் பழைய வெள்ளங்களைக் கண்டிருந்த யாராவது ஒருவர் அவர்களுக்கு வீட்டைக் காட்டியே இருப்பார்.

மின்சாரக் கணக்கும் இத்தகையதே. வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும், அதற்குமேல் படிப்படியாக விகிதம் உயரும் என்பதும் அரசாங்கத்தின் ஏற்பாடு; ஆனால் பல வீடுகளில் வீட்டுக்காரர் தனி மீட்டர் ஒன்றை வைத்து, இலவசத்தையும் படிநிலையையும் புறக்கணித்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதம் வசூலிக்கிறார். காலி செய்யும்போது ‘பெயிண்டிங்’ என்ற பெயரால் அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்காரர் அட்வான்ஸைச் சிணுங்காமல் திருப்பித் தருகிறவர், எவர் ஆறு மாதம் இழுத்தடிப்பவர் என்ற சரித்திரம் அந்த வட்டாரத்துத் தரகரின் மனத்தில் இருக்கிறது. அதை அவர் ஏன் வாய்திறந்து சொல்வதில்லை?

அவருடைய வரும்படி அமைந்திருக்கும் விதத்தில் அதற்கு விடை இருக்கிறது. வாடகை எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு அவருடைய கமிஷனும் உயருவதால், குடித்தனக்காரருக்காக வாடகையைக் குறைத்துப் பேசுவது அவருக்கு நஷ்டம். குடித்தனக்காரர் ஒருமுறை வந்து போகிறவர். வீட்டுக்காரரோ நான்கு போர்ஷன் வைத்திருப்பவர், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு வேலை கொடுக்கக் கூடியவர். அந்தப் பதினோரு மாதக் கணக்கே சட்டத்தின் நிழலில் பிறந்தது: ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் விதித்ததனால், அந்தச் செலவையும் சிரமத்தையும் தவிர்க்க நாடெங்கும் கைக்கொள்ளப்பட்ட உபாயம் அது. குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறினால் தரகருக்கு ஆதாயம், நிலைத்திருந்தால் ஒன்றுமில்லை. ஆகவே கமிஷனைக் கொடுப்பவர் குடித்தனக்காரராக இருக்க, விசுவாசம் வீட்டுக்காரரிடம் போய்ச் சேருகிறது. தனிமனிதரின் குணதோஷத்தைப் பேசுவதைவிட இந்த அமைப்பைத் திருத்துவதே முதற்காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தப் பட்டணத்தில் காலி வீட்டைப் பற்றிய செய்தி ஒரு காலத்தில் பொது விஷயமாகவே கருதப்பட்டது. யுத்த காலத்தில் 1941-இல் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1942 ஏப்ரலில் பாதி ஊர் காலியாகி, பிறகு மீண்டும் நிரம்பி வழிந்தது. 1946-லும் 1949-லும் 1960-லும் அடுத்தடுத்து வாடகைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அதற்குரிய அதிகாரிக்கு வீட்டுக்காரர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசாங்கம் விரும்பினால் அந்த வீட்டைத் தன் உத்தியோகஸ்தர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். ஒருமுறை குடியேறியவரை எளிதில் காலி செய்ய முடியாது என்ற அச்சம் வீட்டுக்காரர்களின் உள்ளத்தில் வேரூன்றிய காலமும் அதுதான். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் சென்னையின் பழக்கத்துக்கும், குலம் கோத்திரம் விசாரித்தே ஆளை அனுமதிக்கும் மனோபாவத்துக்கும், நம்பகமான இடைமனிதர் ஒருவர் வேண்டும் என்ற தேவைக்கும் அந்த அச்சம் பெரிதும் காரணமாயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று விதித்திருக்கிறது. அதன் பொருளை எண்களில் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்குப் பழைய வழக்கப்படி அட்வான்ஸ் 2,00,000. முதல் மாத வாடகையும் தரகரின் கமிஷனும் சேர்ந்து 40,000. ஆக, குடிபுகுவதற்கு முன்பே 2,40,000 ரூபாய் ரொக்கம் வேண்டும். சட்டத்தின்படி அட்வான்ஸ் 60,000 மட்டுமே. மொத்தம் ஒரு லட்சத்தோடு முடிந்துவிடும். இந்த 1,40,000 ரூபாய் வித்தியாசம், கல்யாணமான புதிதில் குடித்தனம் வைக்கும் ஒரு தம்பதி கடன்படுவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கக் கூடியது. ஆயினும் சட்டம் வந்த பிறகும் ஆறு மாதம், எட்டு மாதம், பத்து மாதம் என்றே பேரம் நடக்கிறது. மூன்று மாதம் என்ற வரம்பைக் குடித்தனக்காரரின் சார்பில் எடுத்துச் சொல்லக்கூடிய வாய் அந்தச் சந்திப்பில் ஒன்றே ஒன்று உண்டு. அது தரகருடைய வாய். வீட்டுக்காரரிடம் குடித்தனக்காரர் தாமே சட்டம் பேசினால் வீடு கைநழுவிப் போகும் என்பதை எல்லாரும் அறிவார்கள்.

இன்னொரு ஆபத்து ‘லீஸ்’ என்று சொல்லப்படும் முறையில் இருக்கிறது. மாத வாடகைக்குப் பதிலாகப் பல லட்ச ரூபாயை மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. உடையவரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்துக்கொண்டு, அதே வீட்டைத் தம் பொறுப்பில் வேறொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விட்டு, சில மாதம் உடையவருக்கு வாடகையையும் ஒழுங்காகச் செலுத்தி, கடைசியில் லட்சங்களோடு மறைந்துவிடும் மோசக்காரர்களால், வாழ்நாள் சேமிப்பை இழந்து நிற்கும் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. பத்திரப் பதிவுத் துறையின் வலைத்தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சொத்துவரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கலாம். உடையவரை முகத்துக்கு முகம் காணாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதிருக்கலாம். இவை மூன்றையும் குடித்தனக்காரருக்காகச் செய்து முடிப்பதுதான் தரகுக்குரிய உழைப்பு. நான்கு கதவுகளைத் திறந்து காட்டியதற்காக ஒரு மாத வாடகையைப் பெறுபவர், இந்தச் சோதனையைச் செய்யாமல் பெற்றால், அது உழைக்காமல் பெற்ற ஊதியமே.

பிற நாடுகளில் இந்தப் பிரச்சினையை எப்படி அணுகியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. ஜெர்மனியில் 2015 ஜூன் முதல், தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே கட்டணம் தர வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு மாத வாடகை வரை குடித்தனக்காரர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் ஏஜென்டுகள் குடித்தனக்காரரிடம் அத்தகைய கட்டணங்களை வாங்குவதே தடைசெய்யப்பட்டது. வருஷ வாடகையில் 15 சதவீதம் வரை தரகு கேட்கும் வழக்கமிருந்த நியூயார்க் நகரத்திலும் 2025 ஜூனில் அமர்த்தியவரே கொடுக்கும் விதி வந்துவிட்டது. இவையெல்லாம் பணத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடியவை.

ஜப்பான் அதற்கு அப்பாலும் சென்றது. அந்த ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் வீடு, மனைத் தரகு உரிமம் பெற்ற தொழில். வாடகை வீட்டுக்கு இரு தரப்பிலும் சேர்த்து ஒரு மாத வாடகைக்கு மேல் தரகு வாங்கலாகாது. பரீட்சையில் தேறிய ஒருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னால், வீட்டின் உரிமை யாருடையது, தண்ணீரும் மின்சாரமும் எப்படி, காலி செய்யும் நிபந்தனை என்ன என்ற முக்கியமான விஷயங்களையெல்லாம் எழுத்தில் கொடுத்து விளக்கியாக வேண்டும். 2020 ஆகஸ்ட் முதல், அந்த வீடு வெள்ள அபாய வரைபடத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் காட்டியே தீர வேண்டும் என்று அந்த விதியை விரிவாக்கினார்கள். மாம்பலத்து முதியவர் சுவர்க் கறையைச் சுட்டிக்காட்டியபோது செய்தது இதைத்தான்; அவருடைய மனச்சாட்சிக்கு மட்டும் கட்டுப்பட்டு நம் ஊரில் நடந்த காரியம், அங்கே ஒவ்வொரு தரகருக்கும் கடமையாக இருக்கிறது. நம் நாட்டிலோ, 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் ஏஜென்டுகளுக்குக் கட்டாயப் பதிவை விதித்தபோதிலும், அது மனையையும் வீட்டையும் விற்கும் வியாபாரத்தைப் பற்றியது. வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவர் அதன் வரம்புக்குள் வரவில்லை. வீடு வாங்குபவர்களைவிட வாடகைக்கு அலைபவர்கள் ஏழைகள் என்பதை நினைத்தால், பாதுகாப்பு முதலில் யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

கைப்பேசிச் செயலிகள் வந்த பிறகு தரகர் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. 2014-இல் தொடங்கிய நோபுரோக்கர் போன்ற நிறுவனங்கள், உடையவரையும் குடித்தனக்காரரையும் நேரே சேர்த்து வைப்பதாக வந்து, ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களுக்குப் பெரிய சௌகரியத்தைச் செய்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அத்தகைய நிறுவனங்களே இன்று, கட்டணம் செலுத்தினால் உங்களுக்கென்று ஓர் உதவியாளரை ஏற்படுத்தித் தருகிறோம் என்று சொல்கின்றன. புகைப்படத்தில் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் தெரிவதில்லை. தெருவை அறிந்த மனிதர் தேவைப்படவே செய்கிறார்.

தரகரின் கையிலுள்ள மிகப் பெரிய சக்தியைப் பற்றி இனிப் பேச வேண்டும். தொலைபேசியில் அவர் கேட்கும் முதல் கேள்விகள், “எத்தனை பேர் சார்? ஃபேமிலியா, பேச்சலரா? வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா? சொந்த ஊர் எது?” என்பவை. முதல் கேள்வியில் தவறில்லை. கடைசி இரண்டும் எதை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஜாதியின் பெயரையோ மதத்தின் பெயரையோ வாயால் உச்சரிக்காமலே, தலித் குடும்பத்துக்கும் முஸ்லிம் குடும்பத்துக்கும், தனியே வாழும் பெண்ணுக்கும், வீடு “நேத்துதான் முடிஞ்சுது” என்று சொல்லிவிட முடிகிறது. தீண்டாமையின் பேரால் ஒரு வட்டாரத்தில் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் வருஷத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். வீட்டுக்காரர் அந்தக் குற்றத்தைத் தம் வாயால் செய்யாமல் தப்பித்துக்கொள்ள இடைமனிதர் வசதியான திரையாக அமைகிறார். மறுக்கப்பட்டவருக்கோ, தாம் மறுக்கப்பட்டதற்கான அத்தாட்சிகூடக் கிடைப்பதில்லை. இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஒரு பேட்டை, மறுபடியும் அதே கேள்விகள்.

இதே தரகர் நினைத்தால், எந்தப் பேச்சினால் கதவு மூடப்படுகிறதோ அதே பேச்சினால் அதைத் திறக்கவும் முடியும். “நல்லவங்க சார், வாடகை அஞ்சாம் தேதி வந்துடும், நான் பொறுப்பு” என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தம் நிபந்தனையைத் தளர்த்திய வீட்டுக்காரர்களை நான் அறிவேன். வருஷக்கணக்காக ஒரே பேட்டையில் நடமாடிச் சம்பாதித்த நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. அதைச் செலவிடுவதற்கு இதைவிடத் தக்க இடம் வேறில்லை. உரிமமும் பதிவும் கொண்ட தொழிலாக இது உயருமானால், பேதம் பாராட்டும் நிபந்தனையை ஏற்று வீடு காட்டுபவரின் பதிவை ரத்து செய்வது அதன் முதல் விதியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அந்த நாள் வரும்வரை குடித்தனக்காரர் தாமே கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. தரகரிடம் முதல் பேச்சிலேயே, வீட்டுக்காரரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா என்று கேட்கலாம். வாங்கினால், தம் பங்கைப் பாதியாக்கக் கேட்பது நியாயமே. வீட்டைக் காட்டுவதற்கென்று முன்கூட்டிப் பணம் கேட்பவரை விட்டுவிடலாம். தண்ணீர் வரும் விதம், மழைக்காலத்தில் தெருவின் நிலை, மின்சார யூனிட்டுக்கு வசூலிக்கும் தொகை, பராமரிப்புச் செலவு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயிண்டிங் பிடித்தம் உண்டா இல்லையா, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்ற ஏழு விஷயங்களையும் ஒரே தாளில் எழுதி, கீழே தரகரின் பெயரும் கையெழுத்தும் பெறலாம். யோக்கியமான தரகர் இதற்குத் தயங்கமாட்டார், அவருக்கும் அது பெருமையே. கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வந்த பிறகே கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் தொகையை மட்டும் யார் கையிலும் கொடுத்தனுப்பாமல், சொத்துவரி ரசீதில் எவர் பெயர் இருக்கிறதோ அவருடைய வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்திவிட வேண்டும்.